இன்னும் கொஞ்சம் ஓங்கட்டும்

ஓர் ஊரில், கிணற்றடிப் பாத்தியில், ஒரு தீவனப்புல் இருந்தது. வேண்டிய அளவு தண்ணீர், மக்கிய சாணி எரு, மறைப்பில்லாத வெயில். புல்லுக்குக் குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் ஓர் ஆசைதான். அதையும் கெட்ட ஆசை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பாத்திக்கு எதிரே மாட்டுக்கொட்டகை. அங்கே மயிலை என்ற பசு அப்போதுதான் கிடாரிக் கன்று ஒன்றை ஈன்றிருந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டால் போதும், கன்று நேராகப் பாத்திக்கு ஓடிவரும். புல் தின்னும் வயசில்லை. ஈர மூக்கைத் தோகைக்குள் நுழைத்து, நுனியை நக்கிப் பார்த்து, கூச்சம் தாங்காமல் தும்மும். அந்தத் தும்மலுக்காகவே புல் விடியும்வரை காத்துக் கிடந்தது. அவ்வளவு பிரியம்.

"உனக்கு என்ன வேணும் சாமி, கேளு," என்றது புல்.

"பால் வேணும். வீட்டுக்காரங்க கறந்தது போக எனக்கு நாலு வாய்தான் வருது. அம்மாவுக்குக் காஞ்ச சோளத்தட்டைத்தான் போடறாங்க."

"நான் எதுக்கு இருக்கறேன்? உங்கம்மாவுக்கு மலையாட்டக் குவிச்சுக் குடுக்கறேன். உன்ற வயிறு புடைக்கப் புடைக்க நான் நெறைக்கறேன், பாத்துக்க."

கன்று அதை அப்படியே நம்பியது. பிறந்து சில நாளே ஆன கன்றுக்கு நம்புவதைத் தவிர வேறென்ன தெரியும்?

வாய்க்கால் வரப்பில் ஓர் அருகம்புல் இருந்தது. மயிலை தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அதை ஒரு கடி கடித்துவிட்டுப் போகும். அருகு தலைதூக்கிப் பார்த்த நாளே கிடையாது.

"என்ன, இன்னிக்கும் மொட்டையா?" என்று தீவனப்புல் சீண்டும்.

"ஆமா, காலையிலதான்."

"நீ குடுக்கறது அந்த மாட்டுக்குப் பல் இடுக்குல ஒட்டுமா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? வந்து வாயை வச்சுது, குடுத்தேன்," என்று அருகு அதோடு விட்டுவிடும்.

புல் இடுப்பளவுக்கு வந்த சமயம், வீட்டுக்காரி மாராத்தாள் பல் வைத்த கருக்கரிவாளோடு பாத்தியில் இறங்கினாள். ஒரு கொத்தைச் சேர்த்துப் பிடித்து அரிவாளை அடியில் வைத்தாள்.

"அடேயப்பா, நல்ல பருவம்!" என்றது அரிவாள். "கதிர் இன்னும் தோகைக்குள்ளேயே இருக்குது. தண்டு வெள்ளரிப் பிஞ்சு மாதிரி. நறுக்குன்னு போயிரும், உனக்கு வலிக்கவே வலிக்காது."

"அண்ணா, இன்னிக்கு வேண்டாம்ணா," என்று புல் கெஞ்சியது.

"ஏன், பயமா?"

"பயமில்லைண்ணா. இத்தனூண்டு நிக்கறேன். அறுத்தா எத்தனை கட்டு தேறும்? அந்தக் கன்னுக்கு மலையாட்டக் குடுக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கறேன். ஒரு கட்டைத் தூக்கிட்டுப் போய் எந்த மூஞ்சியில நிக்கறது?"

அரிவாளுக்கு வேலை மிச்சமானால் சரி. பற்களை மடக்கிக்கொண்டு வழுக்கியது. மாராத்தாள் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, அருவா வழுக்குதுங்க. மழுங்கிப் போச்சாட்ட இருக்குது."

கிணற்று மேட்டில் நின்ற அவள் புருசன் செங்கோடன் பாத்தியை ஒரு பார்வை பார்த்தான். புல் தன்னால் முடிந்தமட்டும் நிமிர்ந்து நின்றது.

"விடு புள்ள. தளதளன்னு வருது. இன்னும் கொஞ்சம் ஓங்கட்டும். ஒரே அறுப்பா அறுத்தா ரெண்டு பங்கு கெடைக்கும்."

"மாடு வெறுந்தட்டைத் தின்னுட்டுக் கெடக்குதுங்க, பாவம்."

"இத்தனை நாள் தின்னுச்சல்ல? இன்னுங் கொஞ்ச நாள்ல என்ன வந்துரப் போவுது?"

அவளும் பாத்தியைப் பார்த்தாள். இரண்டு பங்கு என்ற சொல் அவளுக்கும் பிடித்திருந்தது. அரிவாளைக் கொட்டகைக் கூரையில் செருகிவிட்டுத் சோளத்தட்டுப் போரைப் பிடுங்கப் போனாள்.

அன்று சாயங்காலம் மயிலை கொட்டகையிலிருந்து புல்லைப் பார்த்துக் குரல் கொடுத்தது. "எப்பம்மா வருவ?"

"இன்னும் கொஞ்சம்தான்."

"மடி லேசாயிட்டே வருது. பிள்ளை முட்டி முட்டிப் பாக்கறா."

"நான் சும்மாவா நிக்கறேன்? உனக்காகத்தான வளர்றேன்."

அது பொய்யில்லை. அதுதான் கொடுமை.

புல் வளர்ந்தது. மாராத்தாள் தலைக்கு மேலே போய், செங்கோடன் தலையையும் தாண்டியது. வண்டித்தடத்தில் போகிறவர்கள் நின்று, "யாரு பாத்தி இது? உள்ள போனா ஆளே தெரியாதாட்ட இருக்குது!" என்றார்கள். புல்லுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் கதிரும் வந்தது. காற்றில் ஆடியது, பூத்தது, மணி பிடித்தது.

கதிர் வந்த பிறகு புல்லுக்கு உடம்பில் ஏதோ மாதிரி இருந்தது. இலையில் இருந்த சத்தெல்லாம் மேலே மேலே போய்க் கதிருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அடித்தோகைகள் பழுத்துக் காய்ந்தன. தண்டு மூங்கிலாட்டம் இறுகியது. ஒருநாள் கன்று வந்து பழையபடி மூக்கை நுழைத்தது. தோகையின் ஓரம் அதன் நாக்கைக் கிழித்துவிட்டது. கன்று தும்மவில்லை. இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தது. அதன் விலா எலும்புகளைப் புல் அன்றைக்குத்தான் கவனித்தது. மனசுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் தன் உயரத்தை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டது. இத்தனை பெரிய உடம்பு ஏமாற்றுமா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டது.

ஒருவழியாக அறுப்பு வந்தது. அரிவாள் திணறிப் போயிற்று. "என்ன தங்கச்சி, இப்படிக் கட்டையாயிட்டே!" என்று புலம்பிக்கொண்டே இரண்டு பல்லை இழந்தது. இருந்தாலும் கட்டு கட்டாகச் சேர்ந்து வண்டி நிறைந்தது. செங்கோடன் மனைவியைப் பார்த்து, "சொன்னனல்ல?" என்று சிரித்தான். கட்டுகளின் உச்சியில் உட்கார்ந்து கொட்டகைக்குள் நுழைந்தபோது, அந்தப் புல்லைப்போல் சந்தோசப்பட்டவர்கள் உலகத்தில் யாரும் இல்லை.

"இந்தா, மலையாட்டக் கொண்டாந்துட்டேன். தின்னு," என்றது.

மயிலை ஆவலாக வாயை வைத்தது. மென்றது. ரொம்ப நேரம் மென்றது. தோகையில் மிச்சமிருந்ததை உருவித் தின்றுவிட்டு, தண்டுகளை மூக்கால் ஒதுக்கியது. பசி பொறுக்காமல் அதே தண்டுகளைத் திரும்ப எடுத்து மென்றது. வயிறு ஒருபக்கம் மத்தளமாக உப்பியது.

"நெறஞ்சுதா?" என்று புல் கேட்டது.

மயிலைக்கு அதன் மனசை நோகடிக்க விருப்பமில்லை. மென்றதை விழுங்கிவிட்டுச் சொன்னது.

"வயிறு நெறஞ்சிருச்சும்மா. பசிதான் போகல."

அடுத்தடுத்த நாளும் அப்படித்தான். கட்டு கட்டாக விழுந்தது, சாணி குவிந்தது, மடி மட்டும் சுருங்கியது. "பொதி பொதியாப் போடறேன், என்ன கேடு வந்துச்சோ," என்று மாராத்தாள் வெறும் காம்பை இழுத்துவிட்டு எழுந்தாள். கடைசியாக வந்த இரண்டு பீச்சுகூடச் செம்புக்குள் போயிற்று. கன்று வற்றிய மடியை முட்டியது. முட்டிக் களைத்துப் போய், ஒதுக்கிப் போட்டிருந்த தண்டுகளின் மேல் படுத்தது.

"இப்ப எனக்குப் பால் வருமா?" என்று தனக்குக் கீழே கிடந்த புல்லிடம் கேட்டது.

இடுப்பளவு நின்றபோது தன் தண்டுக்குள் இருந்த இனிப்பைப் புல் நினைத்துக்கொண்டது. அன்றைக்கு ஒரு கட்டுதான் தேறியிருக்கும். அந்த ஒரு கட்டு போதுமாயிருந்திருக்கும். கதறி அழ வேண்டும் போலிருந்தது. காய்ந்த தண்டுக்கு அழுவதற்கும் ஈரம் வேண்டுமே.

விடிந்தபோது கன்று எழுந்திருக்கவில்லை.

மாராத்தாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் கொன்னுட்டேன், நாந்தான் கொன்னுட்டேன்," என்று அழுதாள். செங்கோடன் அவளைப் பார்க்க மாட்டாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மயிலை கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தியது. தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

கன்று செத்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோலைப் பதப்படுத்தி, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதைத் தன் பிள்ளையென்று நக்கிக் கொடுக்கும், மனசு ஆறும், மடி சுரக்கும்.

செங்கோடன் தோலைக் கொண்டுவந்தான். வீட்டில் வைக்கோல் இல்லை. தட்டும் தீர்ந்திருந்தது. கொட்டகையில் கிடந்தது மயிலை ஒதுக்கிப் போட்ட புல்தண்டுகள்தான். அவற்றை ஒடித்து ஒடித்து, கால்களுக்குள், கழுத்துக்குள், வயிற்றுக்குள் இறுகத் திணித்தான். மாராத்தாள் சாக்கு ஊசியால் தைத்தாள்.

தோல்கன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மயிலை கத்துவதை நிறுத்தியது. கிட்டே வந்து முகர்ந்தது. நெற்றியிலிருந்து நக்கத் தொடங்கி, மெல்ல மெல்ல வயிற்றுக்கு வந்தது. வயிறு இருபுறமும் புடைத்து, கெட்டியாக, திம்மென்று இருந்தது. பசு மூக்கை அதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றது.

"இன்னிக்குத்தான் சாமி உன்ற வயிறு நெறஞ்சிருக்குது," என்றது.

உள்ளே இருந்த புல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.