சந்தனத்தின் வாடை

மூங்கிலாற்றுக் காட்டில் சந்தனம் என்றொரு மூஞ்சூறு தனியாக வசித்து வந்தான். பெயர் அம்மா வைத்தது. பெற்றவளுக்கு அவன் மணத்தான். வேறு யாருக்கும் மணக்கவில்லை. வீட்டுக்குள் மூஞ்சூறு புகுந்தால் எப்படி வீசும் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அவனை யாரும் அடித்ததில்லை, திட்டியதுமில்லை. அவன் வந்தால் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும், அவ்வளவுதான். முயல் செவலைக்குப் பிள்ளைகள் ஞாபகம் வரும். மந்தி பூவாத்தாவுக்கு மேல்கிளையில் அவசரக் காரியம் இருக்கும். "அப்புறம் பாக்கலாம், சந்தனம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்புறம் பார்க்க மாட்டார்கள்.

ஒருநாள் காலையில் கரடி கரியண்ணன் பாறைமேல் ஏறி நின்று சத்தம் போட்டான்.

"நாளைக்குச் சாயங்காலம் நம்ம குகையில விருந்து. எல்லாரும் வந்துடுங்க!"

காட்டோரத்தில் ஒரு ரிசார்ட் இருந்தது. அதை மூடிவிட்டுப் போனவர்கள் ஒரு பார்பிக்யூ அடுப்பையும் சிவப்புச் சிலிண்டரையும் ஒரு லைட்டரையும் புல்வெளியிலேயே விட்டுவிட்டார்கள். ரிசார்ட் நடந்த நாளில் அந்த அடுப்பில் சோளம் சுடும் வாசனைக்கு மயங்கி, உண்ணிச்செடிப் புதரில் உட்கார்ந்து நாள்கணக்கில் வேடிக்கை பார்த்தவன் கரியண்ணன். சமையல்காரர் செய்வதை எல்லாம் பார்த்ததால் தனக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டான். அடுப்பையும் சிலிண்டரையும் குகைக்கு இழுத்து வந்தான். பிடித்து இழுக்க வாகாக இருந்தது இரண்டையும் இணைக்கும் ரப்பர் டியூப்தான். அதைப் பிடித்தே மேடேற இழுத்தான்.

அறிவிப்பைக் கேட்டதிலிருந்து சந்தனத்துக்கு ஒரே யோசனை. எல்லாரும் என்றால் நானுமா? யாரிடமாவது கேட்கலாம். கேட்டால், "ஆமா, நீயும்தான்" என்று சொல்வதற்கு முன்னால் அவர்கள் ஒரு கணம் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. கேட்காமலே போவதென்று முடிவு செய்தான்.

மறுநாள் ஓடையில் இறங்கி நன்றாகக் குளித்தான். காட்டுத்துளசியில் புரண்டான். போதாதோ என்று மறுபடியும் புரண்டான். கண் சரியாகத் தெரியாத பிறவி அவன். மூக்கால்தான் வழி பார்ப்பான். துளசி வாசனையில் வழியே தெரியாமல் இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டுதான் குகைக்குப் போய்ச் சேர்ந்தான்.

குகையில் கூட்டம் நிறைந்திருந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கும், மக்காச்சோளமும், வாழையிலையில் மடித்த ஈசலும் குவிந்து கிடந்தன. வெளியே தூறல். அதனால் அடுப்பைக் குகையின் உள்மூலையில் நிறுத்தியிருந்தான் கரியண்ணன்.

"அண்ணே, ரிசார்ட்டுக்காரங்க வெட்டவெளியிலதானே வெச்சிருந்தாங்க?" என்று கேட்டாள் பூவாத்தா.

"அவங்களுக்குக் குகை கிடையாதே, பாவம்."

"டியூப்புக்குச் சோப்பு நுரை தடவுவாங்களே, அதாவது தடவிட்டியா?"

"அது சுத்தம் பாக்கறவங்க பண்ற வேலை. சுடப்போறது கிழங்கு. டியூப்ப எதுக்குக் குளிப்பாட்டணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். சந்தனமும் சிரித்தான். கூட்டத்தோடு சேர்ந்து சிரித்து வெகுகாலம் ஆகிவிட்டதால், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தான்.

உட்கார இடம் தேடினான். அடுப்பின் காலடியில் மட்டும் காலியாக இருந்தது. அங்கே ஒடுங்கினான். செவலையின் கடைக்குட்டி துள்ளி வந்து அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்தது.

"உன் மூக்கு ஏன் இவ்ளோ நீளம்?"

"தூரத்துல இருக்கறதையும் மோந்து பாக்கத்தான்" என்றான் சந்தனம். அம்மா போன பிறகு அவனை யாரும் தொட்டதில்லை.

கரியண்ணன் சிலிண்டரின் குமிழைத் திறந்தான். அடுப்பு மூடியை மூடியபடியே வைத்திருந்தான், தூசி விழக்கூடாதாம். பிறகு கையால் துழாவினான்.

"லைட்டர் எங்க?"

பூவாத்தா தலையைச் சொறிந்தாள். "பளபளன்னு இருந்துச்சுண்ணே. காலையில எடுத்து என் மரப்பொந்துல வெச்சிருக்கேன். இதோ வந்துடறேன்."

அவள் ஓடினாள். திறந்த குமிழ் திறந்தபடியே இருந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கடைக்குட்டி முகத்தைச் சுளித்தது. "அம்மா, நாறுது."

பேச்சு நின்றது. ஒவ்வொருவராக மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு யாரும் சொல்லிவைக்காமலே எல்லோரும் சந்தனத்தைப் பார்த்தார்கள்.

சந்தனம் வாலை இழுத்து உடம்புக்கடியில் வைத்துக்கொண்டான். அவனுக்கும் வாடை வந்தது. துளசி கைவிட்டுவிட்டது என்று நினைத்தான். அத்தனை கண்களும் ஒருவனையே பார்த்தால், அவன் தன்னைச் சந்தேகப்படாமல் வேறு என்ன செய்வான்?

"தப்பா எடுத்துக்காத சந்தனம்" என்றாள் செவலை. "பிள்ளைகளுக்குத் தலை சுத்துதாம். நீ கொஞ்சம் வெளிய காத்தாட..."

"உன் பங்கை இலையில கட்டிக் குடுத்து விடறேன், தம்பி" என்றான் கரியண்ணன். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதனால்தான் அது அதிகமாக வலித்தது.

"பரவாயில்ல" என்றான் சந்தனம். "எனக்கும் வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு."

அவன் வீட்டில் எந்த வேலையும் இல்லை. தூறலில் நனைந்துகொண்டே ஓடைக்குப் போனான். அழுதுகொண்டே மறுபடி குளித்தான். தேய்த்துத் தேய்த்துக் குளித்தான். பிறகு கரையேறித் தன் தோளை முகர்ந்தான்.

வாடை இருந்தது. துளசியை மீறி, குளியலை மீறி, பிறந்ததிலிருந்து கூடவே வரும் அதே பழைய வாடை. ஆனால் குகைக்குள் வந்தது இது இல்லை.

சந்தனம் இன்னொரு தோளையும் முகர்ந்தான். இல்லவே இல்லை. அங்கே வந்தது அழுகிய முட்டை நாற்றம். தரையோரமாகத் தவழ்ந்து வந்த நாற்றம். அதை அவன் எங்கோ முகர்ந்திருக்கிறான்.

நினைவு வந்தது. முன்பு ரிசார்ட்டின் சமையலறைப் பக்கம் கரப்பான் பிடிக்கப் போனபோது இதே நாற்றம் அடித்தது. "கேஸ் லீக்காகுது, யாரும் சுவிட்சைத் தொடாதீங்க!" என்று ஒருவர் கத்தினார். தட்டில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள். மனிதர்கள் சோற்றை விட்டுவிட்டு ஓடினால் அது சாமானியமான விஷயம் இல்லை.

தலைக்கு மேலே கிளைகள் சலசலத்தன. "லைட்டர் கிடைச்சிருச்சு!" என்று கூவிக்கொண்டே பூவாத்தா குகையை நோக்கித் தாவிப் போனாள்.

சந்தனம் நின்றான். போகட்டும் என்று அவனுக்குத் தோன்றியது. இதை மறைப்பானேன், தோன்றத்தான் செய்தது. வெளியே போகச் சொன்னவர்களிடம் எந்த முகத்தோடு திரும்பிப் போவது? போனாலும் யார் நம்புவார்கள்? வாடையைச் சாக்கு வைத்து விருந்துக்கு ஒட்டிக்கொள்ள வந்தான் என்பார்கள்.

அவன் மூக்கு நுனியில் அந்தக் குட்டியின் பாதம் தொட்ட இடம் இன்னும் அவனுக்குத் தெரிந்தது.

ஓடினான். மூஞ்சூற்றின் கால்கள் எவ்வளவுதான் ஓடும்? ஆனாலும் ஓடினான். வேரில் தடுக்கி விழுந்தான், எழுந்தான், குகை வாசலில் வந்து விழுந்தபோது மூச்சே இல்லை. உள்ளே கரியண்ணன் லைட்டரைக் கையில் வாங்கிவிட்டான். கட்டைவிரல் அதன்மேல் இருந்தது.

"பத்த வெக்காத! கேஸ் ஒழுகுது!"

"மறுபடியும் வந்துட்டியா?" என்றான் கரியண்ணன் அலுப்போடு. "கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது உன் வாடை, தம்பி. நீ விட்டுட்டுப் போனது."

"நான் போனதுக்கப்புறம் குறைஞ்சுதா?"

ஒவ்வொருவராக மறுபடி மூக்கை உறிஞ்சினார்கள்.

"சொல்லுங்க. நான் போய் இவ்வளவு நேரம் ஆச்சு. குறைஞ்சுதா, கூடிச்சா?"

"கூடித்தான் இருக்கு" என்றாள் செவலை மெதுவாக. கடைக்குட்டி அவள் மடியில் சோர்ந்து கிடந்தது.

"என் வாடை எங்கயும் தங்காது, அண்ணே" என்றான் சந்தனம். "நான் எங்க போனாலும் என்கூடவே வந்துடும். என்கூட வர்றது அது ஒண்ணுதான். அது எனக்குத் தெரியாதா?"

கரியண்ணன் அவனைப் பார்த்தான். கட்டைவிரலை எடுத்தான். லைட்டரை அழுத்தாமல் இறுக்காமல் உள்ளங்கையில் ஏந்தி, குகைக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய் வைத்தான். பூவாத்தா மூச்சை அடக்கிக்கொண்டு சிலிண்டரின் குமிழைத் திருகி மூடினாள். எல்லோரும் தூறலுக்குள் இறங்கினார்கள். கரியண்ணன் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

வெளிக்காற்று பட்டதும் குட்டி தும்மியது. பிறகு கண்ணைத் திறந்து, "சோளம் எங்க?" என்று கேட்டது. செவலை சந்தனத்தைப் பார்த்தாள்.

தூறல் விட்டது. குகைக்குள் காற்று புகுந்து வரும்வரை யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு அடுப்பையும் சிலிண்டரையும் வெட்டவெளிப் பாறைக்கு மெல்ல நகர்த்தினார்கள். இந்தத் தடவை டியூப்பை யாரும் தொடவில்லை. மேலே கிளை இல்லாத இடமாக, பக்கத்தில் சருகு இல்லாத இடமாகப் பார்த்து, ஆடாமல் நிறுத்தினார்கள்.

பூவாத்தா பூந்திக்காயைத் தண்ணீரில் அடித்து நுரை எடுத்தாள். டியூப் நெடுகத் தடவினாள். இரண்டு முனையிலும் தடவினாள். அடுப்பு வால்வுகளை மூடிவைத்துவிட்டு, சிலிண்டர் குமிழை மட்டும் கொஞ்சம் திறந்தாள்.

அடுப்போடு டியூப் சேரும் முனையில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது.

கரியண்ணன் குனிந்து பார்த்தான்.

"குளிப்பாட்டல அந்தச் சமையல்காரரு" என்றான். "ஓட்டை இருக்கான்னு பாத்திருக்காரு. இழுத்துக்கிட்டு வந்து டியூப்பைப் பிடிச்சிருந்த கிளிப்பைத் தளர்த்தினது நான். பழி உன் மேல, சந்தனம்."

பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லிச் சந்தனத்துக்கு அலுத்துவிட்டது. இந்த ஒரு தடவை சொல்லாமல் இருந்தான்.

குமிழை மூடினார்கள். டியூப்பில் கீறல் வெடிப்பு ஏதும் இல்லை என்று பூவாத்தா தடவித் தடவிப் பார்த்தாள். டியூப்பை அடிவரை தள்ளி, கிளிப்பை நகத்தால் திருகி இறுக்கினாள். மறுபடி நுரை தடவித் திறந்தாள். நுரை சும்மா கிடந்தது. அடுப்பின் மூடியை அகலத் திறந்து வைத்தார்கள். எல்லோரும் தள்ளி நின்றார்கள். கரியண்ணன் முகத்தை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு லைட்டரை நீட்டினான். நீட்டியவன் நிறுத்தினான். மூக்கை உறிஞ்சினான்.

"ஏதோ வாடை வருதே."

எல்லோருடைய கண்ணும் சந்தனத்தைத் தவிர வேறு எங்கெங்கோ பார்த்தது.

சந்தனம் தரையோரமாக மூக்கை நீட்டி, அடுப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தான். திரும்பி வந்தான்.

"இது என்னோடது" என்றான்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப பயமில்ல" என்றான் கரியண்ணன். பிறகுதான் வால்வைத் திறந்து பற்றவைத்தான்.

நீலச் சுடர் வரிசையாக எழுந்தது. சோளம் வெந்தது, கிழங்கு வெந்தது. ஈசல் மடித்த இலையை முதலில் சந்தனத்துக்குத்தான் கொடுத்தார்கள். அதற்காக அவன் நாற்றம் போய்விட்டது என்று சொன்னால் நான் பொய் சொன்னதாகும். செவலை காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் உட்கார்ந்தாள். கடைக்குட்டி ஒரு பாதத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு பாதத்தில் சோளத்தோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

விருந்து முடிந்து எல்லோரும் கூட்டம் கூட்டமாக வீடு திரும்பினார்கள். சந்தனத்தின் வளை இருக்கும் பக்கம் வேறு யாருக்கும் வீடு இல்லை. அவன் எப்போதும்போலத் தனியாகவே நடந்தான். ஆனால் அதன்பிறகு கரியண்ணன் எப்போது அடுப்பு மூட்டினாலும், நுரை தடவிப் பார்த்துவிட்டு, லைட்டரைக் கையில் எடுக்காமல் காத்திருப்பான். யாராவது அவசரப்படுத்தினால், "சந்தனம் இன்னும் வரலையே" என்பான்.

நாற்றம் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். வழக்கமாகப் பழி சுமக்கிறவனை வெளியே அனுப்பிவிட்டால், ஆபத்து நம்மோடு உள்ளேயே தங்கிவிடும்.