வலியை மறைத்த வெள்ளாடு

கடல் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு தீவு. அந்தத் தீவுக் காட்டில் சாமந்தி என்ற இளம் வெள்ளாடு இருந்தது. தடை தாண்டி ஓடுவதென்றால் அதற்கு உயிர்.

ஏழு தீவுக் காடுகளும் கூடி வருஷத்துக்கு ஒரு முறை பந்தயம் நடத்தும். வரிசையாகப் பத்து மூங்கில் தடைகள். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே மூன்றே எட்டு வைத்துத் தாவ வேண்டும். நாலு வைத்தால் பின்தங்க வேண்டியதுதான். போன வருஷம் குட்டிகளுக்கான பந்தயத்தில் சாமந்தி முதலாவதாக வந்தது. தீவே துள்ளிக் குதித்தது. ஆமைகூட, "எங்க வீட்டுப் பொண்ணு!" என்று மார்தட்டியது. ஆமை வீட்டில் ஆடு எப்படிப் பிறந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வல்லபன் என்ற நரி சாமந்தியை விட்டு நகரவில்லை. தானே அதற்குப் பொறுப்பாளன் என்று அறிவித்துக்கொண்டது. பெரியவர்கள் பந்தயத்தில் ஜெயிப்பவரின் பொறுப்பாளனுக்குச் சிங்கராஜாவின் பக்கத்திலேயே ஆசனம் கிடைக்கும். நரியின் கண் அந்த ஆசனத்தின் மேல்தான்.

"வர்ற வருஷம் நீ பெரியவங்களோட ஓடணும்!" என்றது நரி.

"அவங்க தடை இதைவிட ஒரு சாண் உயரமாச்சே, அண்ணே! இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே!"

"ஒரு வருஷமா? அதுக்குள்ள உன்னை மறந்துடுவாங்க!"

அந்தச் சொல் சாமந்தியைச் சுட்டது. அன்றே உயரமான தடைகளைத் தாண்டத் தொடங்கியது. காலை, மதியம், மாலை என்று ஓயவே இல்லை. நரி மர நிழலில் படுத்துக்கொண்டு, "இன்னொரு தடவை!" என்று மட்டும் சொல்லும். நாலாவது மாதம், இடது பின்னந்தொடையில் சதை சுருக்கென்று இழுத்தது.

சாமந்தி யாருக்கும் தெரியாமல் குளக்கரைக்குப் போனது. அங்கே கொக்கு வைத்தியர் தொடையை அலகால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"சதை லேசா கிழிஞ்சிருக்கு. இந்த மழைக்காலம் முழுக்க ஓடாதே. பேசாம புல்லை மேய். கால் பழையபடி ஆயிடும்."

"ஓடலைன்னா தேர்வு ஓட்டம் போயிடுமே, வைத்தியரே!"

அந்தத் தீவில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. தேர்வு ஓட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வருபவர் மட்டுமே கடல் தாண்டிப் பந்தயத்துக்குப் போகலாம். போன வருஷம் ஜெயித்தவருக்கும் விலக்கு இல்லை. அதில் தீவுக்கு ஏகப் பெருமை. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடிபட்டவர் ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் அவரைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"போனா போகட்டும். அடுத்த வருஷமும் பந்தயம் வரும். இந்தக் கால் வராது," என்றார் கொக்கு.

சாமந்தி நரியிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னது. நரி விழுந்து விழுந்து சிரித்தது.

"நாள் முழுக்க ஒத்தைக் கால்ல நிக்கிறவருக்கு ஓட்டத்தைப் பத்தி என்ன தெரியும்? பச்சிலைப் பத்து போடறேன், வலி தெரியாது. இடது காலை ஊனாதே. வலது காலை ஊனித் தாவு!"

"கால் மாறினா நாலு எட்டு ஆயிடுமே, அண்ணே!"

"இந்தத் தீவுல உன்னை ஜெயிக்க யாரு இருக்கா? நாலே போதும்!"

தேர்வு ஓட்டத்தில் சாமந்தி நாலு எட்டு வைத்தே ஓடியது. தட்டுத்தடுமாறி மூன்றாவதாக வந்தது. "பாருங்க, பெரிய பந்தயத்துக்காக வேகத்தைச் சேர்த்து வைக்கிறா!" என்று கூட்டம் தானே காரணம் கண்டுபிடித்துச் சொன்னது.

வழியனுப்பக் காடே கடற்கரைக்கு வந்தது. "ஒரு வார்த்தை பேசு, சாமந்தி!" என்று கத்தினார்கள். சாமந்தி முன்னால் வந்தது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தது.

"என் கால்..." என்று ஆரம்பித்தது.

"தங்கக் கால்!" என்று குரங்குகள் கூவின. கரையே கைதட்டியது. மாலைக்கு மேல் மாலை விழுந்தது. சாமந்தி தலையைக் குனிந்துகொண்டது.

"ஜெயிச்சுட்டு வரேன்!" என்றது.

பந்தய நாள் வந்தது. மற்ற காடுகளின் மான்கள் எல்லாம் மூன்று எட்டில் பறந்தன. சாமந்தி நாலு வைத்தது. ஐந்தாவது தடையைத் தாண்டும்போது எல்லோருக்கும் பின்னால் இருந்தது.

"மூணு வை! மூணு!" என்று நரி கத்தியது.

சாமந்தி மூன்று வைத்தது. ஆறாவது தடைக்கு இடது காலை ஊன்றித் தாவியது. அந்தரத்தில் இருக்கும்போதே சதை அறுந்தது. சாமந்தி மூங்கிலோடு சேர்ந்து மண்ணில் விழுந்தது. அது தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது.

நரி நேரே சிங்கராஜாவிடம் போனது. "நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், மகாராஜா! ஓடாதேன்னு சொன்னேன். கேட்டாளா?"

மண்ணில் கிடந்த சாமந்திக்கு அது காதில் விழுந்தது. மறுத்துப் பேசினால் யார் நம்புவார்கள்? ஜெயிப்பேன் என்று தன் வாயால் சொன்னது அதுதானே!

திரும்பி வந்தபோது கரையில் கொக்கு வைத்தியர் மட்டும் நின்றிருந்தார். வெகுநேரம் காலைப் பார்த்தார்.

"இனிமே நடக்கலாம்மா. தாவ முடியாது."

"என்னைத் திட்டுங்க, வைத்தியரே!"

"திட்டி என்ன ஆகப்போகுது?" என்றார் கொக்கு.

அந்த வாரமே நரி ஒரு மான்குட்டியின் பின்னால் சுற்ற ஆரம்பித்தது. சாமந்தியின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு ஆட்டு மந்தை மேயப் போனது. வழியில் ஒரு ஓடை, இரண்டு முழம் அகலம். பிறந்து பத்து நாளான குட்டிகூடத் தாவிப் போனது. சாமந்தி இந்தக் கரையிலேயே நின்றுவிட்டது.

"வாயேன்!" என்று அந்தக் குட்டி கூப்பிட்டது.

"எனக்கு அந்தப் பக்கத்துப் புல் பிடிக்காது," என்றது சாமந்தி.

ஊரெல்லாம் கைதட்டும்போது தன் வலியைச் சொல்லத் துணியாதவர், கைதட்டல் ஓய்ந்த பிறகு அதைத் தனியாகத்தான் சுமக்க வேண்டும்.