டிரைவரைத் திட்டிய வகுப்பு

தொலைதூரக் கல்வி வகுப்பிலேயே மூத்த மாணவர் கண்டக்டர் சங்கிலிமுத்து. வயசு ஐம்பத்தொன்று. முட்டி தேய்ந்துபோச்சு, இனி பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழிக்க முடியாது. டிப்போ ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு டிகிரி கேட்கிறார்கள். மற்றதெல்லாம் பாஸ். ஆங்கிலக் கவிதைப் பேப்பர் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. நாளை மூன்றாவது தடவை.

மனுஷன் சும்மா இருக்கவில்லை. கைடில் இருந்த நாற்பது அணிகளையும் கரைத்துக் குடித்திருந்தார். எதைக் கேட்டாலும் கமா, ஃபுல்ஸ்டாப்போடு ஒப்பிப்பார். கவிதையைக் காட்டி, இதில் எது இருக்கிறது என்றால்தான் திருதிருவென்று விழிப்பார்.

ஜெசிந்தா டீச்சருக்கு அவர் மகள் வயசுதான். போர்டில் ஓர் ஆங்கில வரியை எழுதி அர்த்தமும் சொன்னார். 'பிள்ளை ஊரை விட்டுப் போனான். அன்றிலிருந்து வீடு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது.'

"இதில் என்ன அணி?"

"சிமிலியா டீச்சர்? இல்ல, ஐரனியா?"

டீச்சர் அவர் கைடை வாங்கி டிராயருக்குள் போட்டார்.

"ஐயையோ, நாளைக்குப் பரீட்சை டீச்சர்!"

"இருக்கட்டும். உங்க டிரைவர் எப்படி ஓட்டுவார்?"

கேட்டதுதான் தாமதம், சங்கிலிமுத்துவுக்கு உயிர் வந்துவிட்டது. "அவனா? அவன் ஒரு ஆமை டீச்சர்!"

"மெட்டஃபர். அதை எடுத்துட்டுச் சொல்லுங்க."

"சரி, ஆமை மாதிரி ஓட்டுவான்."

"சிமிலி. அதுவும் வேண்டாம்."

"கோடி தடவை சொல்லியாச்சு, கேட்டாத்தானே!"

"ஹைபர்பொலி. எடுங்க."

"பெரிய ரேஸ் வீரன், போங்க!"

"ஐரனி. எடுங்க."

"வாயைக் கட்டிப்போட்டுட்டு எப்படி டீச்சர் திட்டறது?"

"அதுவும் மெட்டஃபர்தான்."

கண்டக்டருக்கு வேர்த்துவிட்டது. ரொம்ப நேரம் யோசித்துச் சொன்னார்: "டிரைவர் மெதுவாக ஓட்டுகிறார்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"இதுல உங்க கோபம் இருக்கா?"

"துளிகூட இல்லையே டீச்சர்."

"இப்ப போர்டுல இருக்கிற வரியையும் அதே மாதிரி சொல்லுங்க."

சங்கிலிமுத்து போர்டைப் பார்த்தார். "வீடு எங்க பார்க்கும்? பெத்தவதான் வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா." வரியை இன்னொரு தடவை படித்தார். "எழுதினவனுக்கு அதை நேரா சொல்ல மனசு வரல டீச்சர். வீட்டு மேல போட்டுட்டான்."

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "உயிரில்லாத வீட்டை மனுஷியாக்கிட்டான். பெர்சானிஃபிகேஷன்! அதுதானே?"

டீச்சர் டிராயரைத் திறந்து கைடை நீட்டினார். அவர் வாங்கக் கை நீட்டவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி இருந்தது.

"நாளைக்குப் பேர் மறந்துபோச்சுன்னா?"

"பேர் மறந்தா ஒரு மார்க் போகும். அந்த அம்மாவை மறந்தாத்தான் ஃபெயில்."