வாயில் விரல்

“‘பெத்தவ கேட்டாக்கூட வாயைத் திறக்க மாட்டேங்குது. எம்பிள்ளைய என்ன பண்ணி அனுப்பினீங்க?’ இதான் மிஸ் அந்தம்மா கேட்டது. ஒரு எழுத்து நான் கூட்டல, குறைக்கல. கேட்ல நின்னுகிட்டு, வேன் டிரைவர், ஐஸ்காரர், ஊர்ல உள்ள அத்தனை பேரும் பாக்க! நான் என்ன அடிச்சேனா? கிள்ளினேனா? நீங்களே சொல்லுங்க.”

சுகந்தி கைப்பையை மேசைமேல் எறிந்தாள்.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து க்ரேயான் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கத்தி முடிச்சிட்டீங்களா அக்கா?”

“இல்ல.”

“சரி. முடிங்க.”

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மேற்கொண்டு கத்த வரும்? சுகந்திக்கும் வரவில்லை.

யு.கே.ஜி. ‘பி’ பிரிவுக்கு ஜெசிந்தா ஆசிரியை. வயது முப்பத்தொன்று. அந்த வகுப்புக்கு உதவி ஆசிரியையாக வந்து சேர்ந்தவள் சுகந்தி. வயது நாற்பத்தேழு. தன்னை ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவளைத் தான் ‘மிஸ்’ என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று முதல் வாரம் முழுக்க அவளுக்கு நாக்கு கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

மகனும் மகளும் வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். மத்தியானத்தில் சீரியல் பார்த்து அழுகிற பழக்கம் சுகந்திக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் நேரே போய் நின்றாள்.

“முன் அனுபவம் உண்டா?” என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் கேட்டார்.

“ரெண்டு பிள்ளை வளர்த்திருக்கேன் சிஸ்டர். இன்னைக்கு வரைக்கும் ரெண்டும் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல.”

சிஸ்டருக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. “ஜெசிந்தாகிட்டப் போய் வேலையைக் கத்துக்கோங்க” என்று அனுப்பிவிட்டார்.

கற்றுக்கொள்ள வந்தவளை ஜெசிந்தா கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“நான் என்ன செய்யணும் மிஸ்?”

“பிள்ளைங்களப் பாருங்க.”

“பாத்துட்டேன். அப்புறம்?”

“பாத்துட்டீங்களா? அப்ப நாளைக்கும் பாருங்க.”

சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கா காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வருகிறாள்? பென்சில்களைச் சீவினாள். வாசலில் கிடந்த ஷூக்களை ஜோடி சேர்த்து அடுக்கினாள். மூக்கைச் சிந்திவிட்டாள். பிள்ளைகளைப் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்தாள்.

ஜெசிந்தாவின் வகுப்பு ஒரு சந்தைக்கடை. ஒருத்தன் தன் வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொல்லுவான். ஒருத்தி பாடுவாள். ஒருத்தன் தன் ரப்பரை எவனோ தின்றுவிட்டான் என்று அழுவான். ஜெசிந்தா எல்லாருக்கும் பதில் சொல்லுவாள். ரப்பரைத் தின்றவனிடம் ருசி எப்படி இருந்தது என்றுகூடக் கேட்பாள். கன்னியாஸ்திரிகளிடம் படித்து வளர்ந்த சுகந்திக்குக் காது வலிக்கும்.

“இத்தனை சத்தத்துல எப்படி மிஸ் பாடம் நடத்துறீங்க?”

“சத்தம் நின்னாத்தான்க்கா எனக்குப் பயமா இருக்கும்.”

பைத்தியம் கொஞ்சம் முற்றிய கேஸ்தான் என்று சுகந்தி முடிவுகட்டினாள்.

போன வியாழக்கிழமை ஜெசிந்தாவை ஒரு கூட்டத்துக்கு அழைத்துவிட்டார்கள். “ஒரு பீரியட் பாத்துக்கோங்க அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். சுகந்தி இதற்காகத்தான் காத்திருந்தாள். வகுப்பின் நடுவில் போய் நின்று கையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்!”

சின்ன வயதில் அவளுக்குக் கன்னியாஸ்திரிகள் சொன்னதுதான். அதே குரல்கூட வந்தது. அத்தனை பிள்ளைகளும் ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டார்கள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் அன்றைக்குத்தான் அந்த வகுப்பில் முதல்முதலாகக் கேட்டது. வராந்தாவில் போன தலைமை ஆசிரியை நின்று எட்டிப் பார்த்தார். தலையை மெல்ல ஆட்டிவிட்டுப் போனார். இருபத்தைந்து வருஷம் பொங்கிப் போட்டும் புருஷனிடமிருந்து அப்படியொரு தலையாட்டல் சுகந்திக்குக் கிடைத்ததில்லை.

ஜன்னல் ஓரத்தில் மிருதுளா உட்கார்ந்திருந்தாள். பேர்போன வாயாடி. அவள் வீட்டில் ராத்திரி யார் யாரைத் திட்டினார்கள் என்பது காலையில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அவளும் விரலை வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் காலோடு கால் பின்னிக்கொண்டு நெளிந்தாள். சுகந்தி பார்த்தாள்.

“ஆடாம உக்காரு.”

ஆடாமல் உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் விரலை எடுத்துவிட்டு ஹோவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள். மிருதுளா மட்டும் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் ஈரம் ஓடியிருந்தது. திரும்பிப் பார்த்த இரண்டு பேர் சிரித்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், சுகந்தி முகம் சுளிக்கவில்லை. சிரித்தவர்களை விரட்டினாள். தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டு, அலமாரியிலிருந்து மாற்றுத் துணி எடுத்துப் போட்டுவிட்டு, பவுடர்கூடப் பூசிவிட்டாள்.

“ஏன்டி தங்கம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

பிள்ளை அவளையே பார்த்தது. சட்டையை மாட்டும்போது கையை இறக்கியது. மாட்டி முடித்ததும் விரல் மறுபடியும் உதட்டுக்குப் போயிற்று. சுகந்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மிருதுளா வரவில்லை. திங்கள்கிழமையும் வரவில்லை. இன்றைக்கு அவள் அம்மா வந்து கேட்டில் நின்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். சோறு வேண்டுமா என்றால் வாயில் விரல். எங்கே வலிக்கிறது என்றால் வாயில் விரல். தூக்கத்தில்கூட அப்படியே கிடக்கிறாளாம்.

சுகந்தி குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

“சொல்லுங்க மிஸ். வகுப்பை அமைதியா வச்சிருந்தது தப்பா? எனக்குப் பாத்ரூம் வருதுன்னு சொல்லத் தெரியாதது அந்தப் பிள்ளை தப்பா, என் தப்பா?”

ஜெசிந்தா க்ரேயான் டப்பாவை மூடினாள். எழுந்து போய் ஜன்னல் ஓரத்து நாற்காலியை வெளியே இழுத்தாள்.

“உக்காருங்க அக்கா.”

“எதுக்கு?”

“கேள்வி கேட்டீங்கல்ல?”

சுகந்தி உட்கார்ந்தாள். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

“வாயில் விரல்.”

“விளையாடுறீங்களா மிஸ்?”

“வாயில் விரல், அக்கா.”

அந்தக் குரலில் அதட்டல் எதுவும் இல்லை. இருந்தாலும் சுகந்தியின் விரல் தானாகப் போய் உதட்டில் உட்கார்ந்தது.

“இதோ வந்துடுறேன்” என்று ஜெசிந்தா வெளியே போனாள்.

முதலில் கோபம் வந்தது. அவள் திரும்பி வந்ததும் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக நாக்கில் அடுக்கிக்கொண்டாள். ஜெசிந்தா வரவில்லை. ஆயாம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

“என்னம்மா, பல்வலியா? கிராம்பு வச்சுக் கடிங்க.”

சுகந்தி இல்லை என்று தலையாட்டினாள்.

“பின்ன என்ன, வேண்டுதலா?”

சுகந்திக்குப் பதில் தொண்டை வரைக்கும் வந்தது. நல்ல சூடான பதில். விழுங்கினாள். ஆயாம்மா அவள் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, “ரெண்டு எழுத்துப் படிச்சவங்களுக்கு நம்மகூடப் பேசக் கசக்கும்” என்று துடைப்பத்திடம் சொல்லிக்கொண்டே போனாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிற்று. சுகந்திக்கு மகனின் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். சாப்பிட்டியாப்பா? ம். வேலையெல்லாம் எப்படிப் போகுது? ம். உடம்பு நல்லாயிருக்கா? ம், சரிம்மா, வச்சிடவா. என்ன அடக்கமான பிள்ளை என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். அவனுக்கு என்ன பிடிக்கும், யாரோடு பழகுகிறான், எதற்காவது அழுகிறானா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

விரலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். யார் தடுக்கப்போகிறார்கள்? போகவில்லை.

வராந்தாவில் வாட்ச்மேன் ஒவ்வொரு அறையாகச் சாத்திக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. “உள்ள யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். தினமும் கேட்கிற கேள்வி. எட்டிப் பார்க்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. இந்த வகுப்பின் வாசலிலும் கேட்டார்.

நாற்பத்தேழு வயதுப் பெண், இரண்டு பிள்ளை பெற்றவள், ஊர்ச் சண்டைக்கெல்லாம் முன்னால் நிற்கிறவள், விரலை உதட்டில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

கதவு மூடிக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டு கட்டத் தொடங்கிய பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது. ஜெசிந்தா வாசலில் நின்றாள்.

“ஏன்க்கா, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?”

“நீங்க விரலை எடுக்கச் சொல்லலியே மிஸ்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது சுகந்தியின் காதில் விழுந்தது. விரல் தானாகக் கீழே இறங்கிற்று. அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட நாக்கில் இல்லை.

ஜெசிந்தா மேசையில் கிடந்த கைப்பையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“அந்தம்மாகிட்ட ஆபீஸ் போன்ல பேசிட்டேன். ரொம்ப நேரம் கெஞ்ச வேண்டியிருந்துச்சு. வரச் சொல்லியிருக்காங்க.”

இரண்டு பேரும் நடந்தார்கள். மார்க்கெட்டைத் தாண்டினார்கள். தண்ணீர்த் தொட்டி முனையில் சுகந்தி நின்றாள்.

“நான் போய் விரலை எடுன்னு சொன்னா எடுத்துடுவாளா மிஸ்?”

“எடுத்துடுவா. சொன்னாக் கேக்குற பிள்ளை.”

“அப்புறம் பேசுவால்ல?”

ஜெசிந்தா மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

“அது அவ இஷ்டம்க்கா.”

வரிசை வீடுகளில் மூன்றாவது வீடு. மிருதுளாவின் அம்மா வாங்க என்று சொல்லவில்லை. கதவை விட்டு ஒதுங்கி நின்று, “உள்ளதான் இருக்கா. நீங்களே கேட்டுப் பாருங்க” என்றாள்.

பிள்ளை கட்டில் ஓரத்தில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் தொடாத பால் டம்ளர். சுகந்தியைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டது. கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டது. விரலை உதட்டின்மேல் நேராக, அழுத்தமாக வைத்தது. அன்றைக்கு வகுப்பில் தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தபோது வைத்திருந்த மாதிரி.

சுகந்தி அதன் முன்னால் குத்துக்காலிட்டாள்.

“விரலை எடுத்துடு தங்கம். நான்தானே வைக்கச் சொன்னேன்? நானே சொல்றேன், எடுத்துடலாம்.”

பிள்ளை உடனே எடுத்துவிட்டது. கையை மடிமேல் வைத்துக்கொண்டது.

“எடுத்துட்டா!” என்றாள் அம்மா. அத்தனை நாளில் அவள் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “பாப்பா, இப்பப் பேசு. அம்மான்னு கூப்பிடு. எங்கே, அம்மா சொல்லு.”

உதடுகள் அப்படியே மூடியிருந்தன. நடுவில் விரல் அழுந்தியிருந்த இடம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

“பால் வேணுமா? வெளிய போலாமா? அப்பாவுக்குப் போன் போடவா? பாப்பா?”

பிள்ளை ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. கண் சிமிட்டியது. வேறொன்றும் செய்யவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளேயிருந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவப் பாத்திரம் ஏதும் இருந்திருக்காது.

சுகந்தி திரும்பி வாசலைப் பார்த்தாள். ஜெசிந்தா நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் கண் சுகந்தியிடம் இல்லை, பிள்ளையிடம் இருந்தது.

பேசு. வாயைத் திற. பதில் சொல்லு. கேட்டா சொல்லணும். இப்படி எத்தனையோ சுகந்திக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கச் சொன்னவைதான். ஒவ்வொன்றாக நாக்குக்கு வந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது பிள்ளையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

“என்மேல கோவம்தானே? கோவம் இருக்கும். எனக்குன்னாலும் இருக்கும். என்னைத் திட்டிடு பாப்பா.”

அடுப்படியில் தண்ணீர் நின்றது. தெருவில் ஒரு வண்டி போயிற்று. பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தது.

“என்ன வேணாலும் சொல்லு. சத்தமா வேண்டாம், மெதுவா, என் காதுல மட்டும் சொன்னாப் போதும். ‘போ மிஸ்’னு சொல்லேன், தங்கம்.”