முதல் பரிவட்டம்

சிரிக்கத்தான் இந்தக் கதை. ஆனால் இப்போதே வாயைத் திறந்துவிடாதீர்கள். சிரிப்பு ஏரிக்கரையில் நனைந்துகொண்டு நிற்கிறது. நாம் இன்னும் அரண்மனை வாசலையே தாண்டவில்லை.

மழை சொன்ன தேதிக்கு வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆவரை நாட்டை உத்தண்டராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். போருக்குப் போகமாட்டான், வேட்டைக்கும் போகமாட்டான். அவனுக்கு ஒரே பித்து, சொல்லுக்கு வேர் தேடுவது. பல் துலக்கியதும் மூக்கால் பேச ஆரம்பித்துவிடுவான். "ம்ம்ம்... புலவரே, தட்டான் தட்டான் என்கிறார்களே, அந்தப் பேர் எப்படி வந்தது?"

தாண்டவப் புலவர் எழுந்து மூன்று தரம் கனைப்பார். "ம்க்கும். சொன்ன பேச்சைத் தட்டாதவன் தட்டான், மகாராஜா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து முறையிட வந்த தட்டான்களுக்கெல்லாம், "பேரிலேயே இருக்கிறதே, போ" என்று பதில் வந்தது.

இப்பேர்ப்பட்ட புலவருக்கும் நெஞ்சில் ஒரு முள். கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் ஏரி மடையைக் காக்கும் மடையனுக்கு, இரண்டாவதுதான் அவருக்கு. பன்னிரண்டு வருஷமாக, மடையன் தலையில் பட்டைச் சுற்றி முடிக்கும்வரை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அந்த வருஷம் மடையன் கூத்தன் இல்லை. போன ஐப்பசியில் ஏரி தளும்பியபோது, அடியில் இருக்கும் மடைக்கல்லை நகர்த்த முங்கினான். தண்ணீர் மடை வழியாக வெளியே வந்தது. அவன் வரவில்லை.

அவன் பெண்டாட்டி சடைச்சி சபையில் வந்து நின்று இதையெல்லாம் சொன்னாள். புலவர் காதில் பாதி விழவில்லை. பரிவட்டம் என்ற சொல் மட்டும் விழுந்தது.

"இனிமே என் கொழுந்தன் மாயன் மடை பாப்பான் மகாராஜா. பரிவட்டமும் மடை மானிய நிலமும் எங்க வீட்டுக்கே இருக்கணும். அதுல வெளையுறதுதான் எம்புள்ளைங்களுக்குச் சோறு."

"ம்க்கும். மடையன் என்ற சொல்லின் வேர் என்ன தெரியுமா மகாராஜா? மடமை உடையவன் மடையன். சுத்த முட்டாள். முட்டாளுக்கு முதல் மரியாதை, கற்றவன் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். சபை ராஜாவைப் பார்த்துவிட்டுச் சிரித்தது. வாயிற்காவலன் விஷயம் தெரியாமல் கடைசியாகச் சிரித்தான். புருஷன் பேருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் பட்டம்போலக் கேட்டுப் பழகியவள் தரையைப் பார்த்தாள்.

"பரிவட்டம், மானியம், ரெண்டும் இனிப் புலவருக்கே," என்று மூக்கால் தீர்ப்பு வந்தது.

அழுவாள் என்று புலவர் காத்திருந்தார். அவள் அழவில்லை. "சரிங்க மகாராஜா. மடையனுக்குன்னு சில முறை இருக்கு. ஒண்ணுகூடக் குறையாம ஐயாவுக்கே நடக்கணும். ஓலையில எழுதிக் குடுத்துடுங்க."

"ஒன்றுகூடக் குறையக்கூடாது," என்றார் புலவர், ராஜா வாயைத் திறப்பதற்குள். ஓலையில் முத்திரை விழுந்தது.

திருவிழாவில் புலவர் முதல் பரிவட்டம் கட்டிக்கொண்டார். ஊரிலோ புதுச் சொல் பரவியது. மாடு முட்டினால் மடையா, பானை உடைந்தால் மடையா. மாயன் தெருவில் போனால், முதுகுக்குப் பின்னால் அதே சொல்லும் ஒரு சிரிப்பும் போயின.

ஐப்பசி வந்தது. ஏழு நாள் விடாத மழை. எட்டாம் நாள் காலையில் புலவர் வாசலில் கொட்டு முழங்கியது. பட்டையும் மாலையையும் தட்டில் ஏந்திச் சடைச்சி நின்றாள். பின்னால் ஊரே நின்றது.

"ஐயா, முறைக்கு வந்திருக்கோம்."

"இந்த மழையிலா?"

"மழையிலதாங்க மடையனுக்குப் பெரிய மரியாதை."

பல்லக்கில் ஏற்றினார்கள். ஏரிக்கரையில் இறக்கி, பரிவட்டம் கட்டி, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்தார்கள். சாமி சிலைக்குச் செய்வதுபோல் அல்லவா செய்கிறார்கள் என்று புலவர் பூரித்துப்போனார். இடுப்பில் கயிறு கட்டினார்கள்.

"அரைஞாண் கொஞ்சம் தடிமனாக இருக்கிறதே?"

"அரசாங்க மரியாதைங்க. மெலிசா இருக்குமா?"

சிரிப்பதானால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் இடமில்லை.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவர் வாயில் நாலு அரிசி போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார். "அட்சதையைத் தலையில் அல்லவா போடவேண்டும்? மஞ்சளும் சேர்க்கவில்லையே?"

"இந்த அரிசிக்கு மஞ்சள் சேக்குறதில்லைங்க," என்றாள் சடைச்சி.

ஏரி கரைக்கு ஒரு சாண் கீழே தளும்பியது. ராஜா குடைக்கடியில் நின்றான். இடுப்பளவு நீரில், பரிவட்டமும் மாலையும் இல்லாமல் மாயன் நின்றுகொண்டிருந்தான்.

"இவனுக்கு இங்கே என்ன வேலை?" என்றார் புலவர்.

"நீங்க எறங்கலைன்னா எறங்கலாம்னு நிக்கிறான். மானியம் யாருக்குப் போனா என்னங்க, ஏரி ஒடைஞ்சா எல்லார் வீடும்தானே போகும்?"

"இறங்குவதா? எங்கே?"

நீர் சுழித்த இடத்தைச் சடைச்சி காட்டினாள். "அங்க, ரெண்டாள் ஆழத்துல கல்லு இருக்கு. நகத்துனதும் தண்ணி உள்ளாற இழுக்கும். அதுக்குள்ள வெலகிடணும்."

"எனக்கு நீச்சல் தெரியாதே, அம்மா."

"எங்க வீட்டுக்காரருக்கு நல்லாத் தெரியும்ங்க."

கொட்டு நின்றுபோயிற்று. ராஜா குடையை விட்டு மழையில் வந்து நின்றான். அவன் குரல் அன்றுதான் மூக்கிலிருந்து இறங்கி நெஞ்சுக்கு வந்தது.

"புலவரே, பரிவட்டத்தை அவிழ்த்து உம் கையாலேயே மாயனுக்குக் கட்டும். மானியம் சடைச்சி வீட்டுக்கே போகட்டும். அன்றைக்கு நானும் சிரித்தேன், அதற்கும் சேர்த்துக் கேட்கிறேன். மடையன் என்ற சொல்லுக்கு வேர் என்ன?"

புலவர் கனைக்கவில்லை. நாக்கினடியில் இன்னும் நாலு அரிசி கிடந்தது. மஞ்சள் சேர்க்காத அரிசியை யாருடைய வாயில் போடுவார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முடிச்சை அவிழ்த்துப் பட்டைக் கையில் எடுத்தார். மாயன் தலையைக் குனிந்து காத்திருந்தான்.

"மடையைத் திறக்கப் போகிறவன், மகாராஜா. வாய்க்கரிசியை முன்னாலேயே வாங்கிக்கொண்டு போகிறவன்."