வேலாயியின் ஆறிய புளியோதரை

நல்லவர்கள் நிறையப் பேர் வசித்த காடு ஒன்று இருந்தது. அதனால் அங்கே விருந்து கொடுப்பது கொஞ்சம் கஷ்டம்.

மாட்டுப் பொங்கல் அன்று விறகு வெட்டவோ தேன் எடுக்கவோ ஊரிலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள். ஆகவே காட்டுக்கும் அன்று விடுமுறை. விடுமுறைக் காலைச் சாப்பாடு எப்போதும் வேலாயி என்ற முள்ளம்பன்றியின் வீட்டில்தான். இதை யார் முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. வேலாயி இல்லை என்பது மட்டும் தெரியும்.

வருகிறவர்கள் அவளுடைய நெருங்கிய நண்பர்கள். காட்டெருமை பெரிய மனிதர். மரியாதை குறைந்தால் அவருக்குப் பசிக்காது. மயிலுக்குத் தன் உடம்பைப் பற்றிய கவலை. மந்திக்கு வாய் ஓயாது. ஆமை மெதுவானவன், எங்கே கூப்பிட்டாலும் கடைசியில்தான் போய்ச் சேருவான்.

வருடா வருடம் வேலாயி அடுப்பில் நின்று தோசை வார்ப்பாள். வாசலில் புங்க மரத்தடியில் நண்பர்கள் சுடச்சுடத் தின்பார்கள். அவர்கள் ஏப்பம் விட்டுக் கிளம்பிய பிறகு, கல்லில் ஒட்டிக்கொண்ட கடைசித் தோசையைச் சுரண்டி, நின்றபடியே அவள் தின்பாள். நண்பர்களுக்கு விருந்து வைத்து அவர்களோடு ஒரு வாய் கூடச் சாப்பிட்டதில்லை.

இந்த வருடம் தானும் ஓர் இலை போட்டு அவர்களோடு உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. பெரிய ஆசைதான்.

முதல் நாள் சாயங்காலமே வேலையை முடித்தாள். புளிக்காய்ச்சலைக் காய்ச்சி இறக்கினாள். சோற்றை உதிர்த்து ஆறவிட்டு, அதையும் நல்லெண்ணெயையும் விட்டுக் கிளறி, எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவி மூடினாள். தயிருக்கு உறை ஊற்றினாள். புளியோதரை ஓர் இரவு ஊறினால்தான் ருசி. இது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். சாப்பிடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இதுவரை ஏற்பட்டதில்லை.

காலையில் மரத்தடியில் தேக்கிலைகளை விரித்தாள். ஆமையைத் தவிர மற்றவர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, வேலாயி முட்களை ஒடுக்கிக்கொண்டு தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

யாரும் சாப்பிடவில்லை.

உடம்புக்கு ஏதாவதா என்று மந்தி விசாரித்தாள். இல்லை, வேலை முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் நேற்றே செய்து வைத்துவிட்டேன் என்று வேலாயி சொன்னாள். சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்திருந்தாள்.

மயில் இலையை ஒரு விரற்கடை தள்ளி வைத்தான். ஆறினது அவன் தொண்டைக்கு ஒத்துக்கொள்ளாதாம். மந்தி தன் நாத்தனார் வந்திருந்தபோது கையில் கொப்புளத்தோடு முறுக்குப் பிழிந்த கதையைச் சொன்னாள். அதை எல்லோரும் முன்பே கேட்டிருந்தார்கள். ஆனாலும் இன்றைக்குப் பொருத்தமாக இருந்ததால் மறுபடி கேட்டார்கள்.

காட்டெருமை கோபப்படவில்லை. அவர் வருத்தப்படுகிறவர்.

"பழசு புதுசு ஒரு விஷயமே இல்லம்மா. நாங்க வந்திருக்கோம். நீ உட்கார்ந்திருக்கே."

"உங்களோட உட்கார்ந்து சாப்பிடலாம்னுதான் பெரியப்பா."

"அதான் சொல்றேன்" என்றபடி அவர் முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தார்.

வேலாயிக்கு முட்கள் குத்திட்டு நின்றன. இலையில் போட்டதைத் தொடாமல் ஒருவர் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டு வாசலை அப்புறம் யாரும் மிதிக்க மாட்டார்கள். மந்தி இருக்கிறபடியால் சாயங்காலத்துக்குள் செய்தி மலைக்கு அந்தப் பக்கமும் போய்விடும். சிநேகிதர்களோடு உட்கார ஆசைப்பட்டு, சிநேகிதர்களே இல்லாமல் போகப் போகிறது.

அவள் சட்டென்று எழுந்தாள்.

"உட்காருங்க பெரியப்பா. உங்களுக்குப் போய் நேத்து செஞ்சதைப் போடுவேனா? சும்மா சீண்டிப் பார்த்தேன். இப்பவே புதுசா கிளறி எடுத்துட்டு வரேன்."

இலைகளில் இருந்ததையெல்லாம் சட்டியில் வழித்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அவள் அதைப் பற்ற வைக்கவில்லை. காலிப் பானை ஒன்றைக் கவிழ்த்து வைத்து, கரண்டியால் பலமாகத் தட்டினாள். ஊதுகுழலை எடுத்து ஊதினாள். சாம்பல் பறந்து முகமெல்லாம் அப்பியது. கொஞ்ச நேரம் இருமினாள். பிறகு அதே சட்டியில் இருந்த அதே சோற்றை வெளியே கொண்டுவந்து அதே இலைகளில் பரிமாறினாள்.

காட்டெருமை அவள் நெற்றியில் இருந்த சாம்பலைப் பார்த்தார். அவருக்குப் பசித்தது.

மயில் ஒரு கவளம் எடுத்து, பதனமாக ஊதி ஊதி வாயில் போட்டான். "மெதுவா சாப்பிடுங்க, நாக்கு வெந்துடும்" என்று மற்றவர்களை எச்சரித்தான். முன்னால் வைத்ததற்கும் இதற்கும் வாசனையிலேயே வித்தியாசம் தெரிகிறது என்று மந்தி சொன்னாள். முன்னால் வைத்ததை அவள் தொடக்கூட இல்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

"நானும் உட்காரட்டுமா பெரியப்பா?" என்று வேலாயி கேட்டாள்.

"தாராளமா உட்காரு, யாரு வேண்டாம்னா? அடுத்த சட்டியை மட்டும் இறக்கிட்டு வந்துடு."

அவள் மறுபடி உள்ளே போனாள். இந்தத் தடவை தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கையால் பானையைத் தட்டினாள், வலது கையால் சாப்பிட்டாள். புளியும் எள்ளும் நன்றாக ஊறி இருந்தன. இவ்வளவு நல்ல புளியோதரையை அவள் இதுவரை செய்ததில்லை. அதைச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

அப்போதுதான் ஆமை வந்து சேர்ந்தான். அக்கா எங்கே என்று கேட்டான். பாவம், விடிந்ததிலிருந்து அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறாள் என்று மூவரும் பெருமையாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

விருந்தாளி அடுப்படிக்குள் போவது அந்தக் காட்டு வழக்கமில்லை. ஆமை மெதுவானவன், அந்த வழக்கம் அவனை இன்னும் எட்டியிருக்கவில்லை. ஒரு கை கொடுக்கலாம் என்று உள்ளே போனான்.

குளிர்ந்த அடுப்பைப் பார்த்தான். கவிழ்த்த பானையைப் பார்த்தான். வாய் நிறையச் சோற்றோடு உறைந்து உட்கார்ந்திருந்த வேலாயியைப் பார்த்தான். அவன் எதையும் புரிந்துகொள்ள நேரம் எடுப்பவன். வேலாயியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"கை வலிக்கப் போவுது அக்கா" என்றான் கடைசியில். "கரண்டியை இங்க கொடு. நான் தட்டறேன், நீ நிம்மதியா சாப்பிடு."

வேலாயி விழுங்கினாள். கரண்டியைக் கொடுத்தாள். பிறகு அவனுக்கும் ஓர் இலையைப் போட்டு, குவியலாக வைத்து, மேலே கெட்டித் தயிரைச் சரித்தாள். ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் தட்டினார். அவசரமே இல்லை.

வெளியே காட்டெருமை அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "ஒரு நிமிஷம் உட்காருதா பாரு" என்று மயிலிடம் மெச்சிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று உள்ளே குரல் கொடுத்தார்.

நீதி: நீ வியர்ப்பதைப் பார்க்க வந்தவருக்குச் சத்தம் போதும், உன் கையிலிருந்து கரண்டியை வாங்குபவரோடு உட்கார்ந்து சாப்பிடு.