டிக்கி சீட்

"எங்கண்ணன் சாகக் கெடக்கறான். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலைங்கம்மா."

சடைச்சியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலைமேல் அம்மாவின் தகரக் கொட்டகைக்கு, வாக்குக் கேட்க வரும் மற்றவர்கள் பழம் கொண்டு வருவார்கள். செங்கோடன் புகார் கொண்டு வருவார். தலை முழுக்க நரைத்தவர். அம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு.

"வராட்டிப் போகுது. உங்கண்ணன் என்ன கேக்கறாரு?"

"என் கார்ல ஒருக்கா ஏத்திட்டுப் போகச் சொல்றானாம். அண்ணி வந்து அழுவுது."

"ஏத்திட்டுப் போ."

"மாட்டேனுங்க."

கார் வெளியே நின்றது. யுத்தத்துக்கு முந்திய அமெரிக்க பேக்கார்டு. நீண்ட மூக்கு. பாலாடை நிறம். கித்தான் கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் தலைக்கு மேல் வானம்தான்.

ஒரு காலத்தில் அது எஸ்டேட் துரையின் வண்டி. செங்கோடனின் அண்ணன் அர்த்தநாரிதான் டிரைவர். துரை போன பிறகு, கோழிகள் அடையும் கொட்டிலில் கிடந்தது. செங்கோடன் அதை வாங்கி, வருஷக்கணக்காகத் துருவைச் சுரண்டி, ஓடாத என்ஜினை ஓட வைத்தார்.

"எதுக்கு இத்தனை பாடுபட்டே?"

"அவன் ஓட்டின வண்டிய நான் ஓட்டறத அவன் பாக்கோணும். அவன் வாசல்ல ஹாரன் அடிப்பேன். நிறுத்தாமப் போயிருவேன்."

அம்மா சிரித்துவிட்டார். "தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை மட்டுமுங்க."

"அப்படி என்னதான் செஞ்சாரு?"

செங்கோடன் காரின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே டிக்கி மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு சீட்டு இருக்கும். கித்தான் கூரை அதுவரைக்கும் எட்டாது.

"சின்னப் பையன் நான். செவலைன்னு ஒரு நாய்க்குட்டி வச்சிருந்தேன். என்னையும் அதையும் அதுல உக்கார வச்சு மலையெறங்கினான். முன்னால துரை. பாதி வழியில மழை. கூரைய மாட்டிட்டு, 'ஏதாச்சும்னா குரல் குடுறா, நிறுத்தறேன்'னான். ஒரு வளைவுல செவலை எகிறிக் குதிச்சிருச்சு. கத்தினேன். அடிவாரம் வரைக்கும் கத்தினேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கலை."

"பொறகு?"

"கீழ வந்து, 'நீ கூப்பிடவே இல்லியேடா'ன்னான். குட்டி போனதக்கூட விட்டுருவேனுங்க. அந்தப் பொய்ய விட மாட்டேன்."

அம்மா கீரையை ஓரமாக வைத்தார்.

"நான் டவுனுக்குப் போகணும். கொண்டு போய் விடு."

"மேகம் கட்டுதுங்க. மழையில இந்த வண்டிய வெளிய எடுத்ததே இல்லை."

"கரைஞ்சிருமா?"

அம்மா காரின் பின்னால் போனார். டிக்கி மூடியைத் தூக்கினார். ஏறி உட்கார்ந்தார்.

செங்கோடன் பதறினார். "முன்னால வாங்கம்மா. அதுல யாரையும் உக்கார வச்சதில்லை."

"சீட்டு நல்லாத்தானே தெச்சிருக்கே?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

"பின்னே என்ன, எடு."

நாலு வளைவு தாண்டியதும் மழை பிடித்தது.

செங்கோடன் வண்டியை நிறுத்தி, கூரையை இழுத்துக் கொக்கிகளை மாட்டினார். "தயவு பண்ணி முன்னால வந்துருங்கம்மா."

அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு இது போதும். ஏதாச்சும்னா குரல் குடுக்கறேன்."

செங்கோடன் மலையிறங்கலானார். கித்தான்மேல் மழை கொட்டியது. வைப்பர் கீச்சிட்டது. வளைவுக்கு வளைவு கியரை மாற்றினார், பிரேக்கை மிதித்தார். பின் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருந்தது.

கண் ரோட்டில் இருந்தது. காது மட்டும் பின்னாலேயே இருந்தது.

அடிவாரத்தில் மழை தணிந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் ஓடினார்.

அம்மா தொப்பலாக நனைந்து, பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார். செங்கோடன் கை கொடுத்து இறக்கினார். தன் தோள் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டார்.

அம்மாவின் ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு காலில் இல்லை.

"ஒண்ணு எங்கங்க?"

"மேல ஒரு வளைவுல விழுந்திருச்சு. கூப்பிட்டேனே." அம்மாவின் குரல் கம்மியிருந்தது. "தொண்டை கட்டற வரைக்கும் கூப்பிட்டேன்."

"நீங்க கூப்பிடவே இல்லி..."

வாய் பாதியில் நின்றது.

கித்தான் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செங்கோடன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கொக்கிகளைக் கழற்றினார். கூரையை மெதுவாகப் பின்னால் மடித்தார். முன்சீட்டைச் சட்டையாலேயே துடைத்தார்.

அம்மா ஒற்றைச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"ஏறுங்கம்மா. டவுன்ல விட்டுட்டு அப்படியே..."

"எனக்கு பஸ் இருக்குது." நாலடி போய்த் திரும்பினார். "செங்கோடா, அந்த வாசல்ல இன்னைக்கு ஹாரன் அடிக்காதே."

"பின்னே?"

"எறங்கிப் போய்க் கூப்பிடு."